கையும் நாவும்

விசயதசமி நாளில் ஏடு தொடக்கும் வழக்கம் எம்மவரிடையே நெடுங்காலமாக நிலவிவருவது. தாம்பாளத்திற் பரப்பிய அரிசியிலே குழந்தையின் வலக்கைச் சுட்டுவிரலைப் பற்றி அகரம் எழுதுவிக்கும் பணியைப் பல ஆண்டுகளாக யானும் செய்துவருகின்றேன். ஒருமுறை என் மடியிலிருந்த மூன்று வயதுச் சிறுவன் வலக்கையை வெடுக்கென இழுத்துக்கொண்டு இடக்கையை நீட்டினான். அருகிருந்த அவனுடைய அம்மம்மாவின் முகம் வாடியது. “பண்டிதர் ஐயா, பிள்ளைக்குப் பேச்சும் பிந்திப்போச்சு, கையும் இடக்கையாய்ப் போச்சு. இரண்டுக்கும் தொடர்பு ஏதும் இருக்குமோ?” என்று வினவினார்.

எளிதில் விடை கூறத்தக்க வினாவன்று அது. கைக்கும் நாவுக்கும் உறவுண்டு என்பது உண்மை. அவ்வுறவு அம்மூதாட்டியார் அஞ்சியவாறு உள்ளதா என்பதே ஆராயத்தக்கது.

பாரிஸ் நகரத்து வைத்தியராகிய போல் புறோக்கா என்பார், ‘தான்’ என்னும் ஓரசையன்றிப் பிறிதொன்றும் பேசவியலாதிருந்த நோயாளி ஒருவர் 1861ஆம் ஆண்டில் இறந்தபின், அவருடைய மூளையை ஆராய்ந்தார். அதன் இடப் பாதியின் முற்பகுதி சிதைந்திருக்கக் கண்டார். பேச்சின் இருப்பிடம் மூளையின் இடப் பாதி என்னும் கருத்து இவ்வாறு வேரூன்றியது. வலக்கையை இயக்குவதும் அவ்விடப் பாதியே. ஆதலின், வலக்கையர்க்குப் பேச்சு இடப் பாதியிலும், இடக்கையர்க்கு வலப் பாதியிலும் அமையும் எனப் பலர் எண்ணினர். எண்ணம் அழகியதே, ஆயினும் பிழையானது. மொன்றியல் நகரிலே றாஸ்முசன், மில்னர் என்னும் அறிஞர் இருவர் மூளை அறுவைக்கு ஆயத்தமான நோயாளரைச் சோதித்து 1977இல் முடிவு வெளியிட்டனர். வலக்கையருள் 96 சதவீதத்தினர்க்கும், இடக்கையருள்ளும் 70 சதவீதத்தினர்க்கும் பேச்சு இடப் பாதியிலேயே அமைந்திருந்தது. எனவே, கையைக் கண்டு நாவைக் கணித்தல் சாலாது.

கைச்சார்பு தோன்றுங் காலம் யாது? கருவிலே விரல் சூப்பும் சிசுக்களை ஒலியலைப் படத்தின் வாயிலாக நோக்கிய பீற்றர் ஹெப்பர் முதலியோர், அவர்களுள் 75 பேரைப் பின்னாளிற் சிறுவராகக் கண்டு 2005இல் எழுதினர். கருவில் வலக்கை விரல் சூப்பிய 60 பேரும் வலக்கையராகவே வளர்ந்திருந்தனர். இடக்கை விரல் சூப்பிய 15 பேருள் 10 பேர் இடக்கையராயினர். தாயின் வளர்ப்பும் ஆசிரியரின் பிரம்பும் அணுகாத இடத்திலேயே கைச்சார்பு முளைகொள்கின்றது என்க.

இனி, மொழிக்கு வருவாம். எலைசா நெல்சன், ஜோர்ஜ் மிச்சல் முதலியோர் அமெரிக்காவில் 38 குழந்தைகளை ஆறாம் மாதந்தொட்டுத் தொடர்ந்து நோக்கி, 2014இல் முடிவு கூறினர். பதினான்காம் மாதத்துக்குள் வலக்கைச் சார்பு நிலைத்துவிட்ட குழந்தைகள், இரண்டு வயதில் மொழியாற்றலில் முந்தி நின்றனர். கைச்சார்பு பின்னர் நிலைத்தவர்களோ வயதுக்கேற்ற இயல்பான அளவிலேயே இருந்தனர், குறையுற்றாரல்லர். அத்துணை இளமையிலேயே இடக்கைச் சார்பு நிலைத்த குழந்தை அக்குழுவில் ஒன்றேனும் இருந்ததில்லை. ஆகலின், இடக்கை பேச்சைப் பிந்தச் செய்யும் என்பதற்கு இவ்வாய்வு சான்றாகாது.

இலக்கணம் பயின்றார்க்கு உவகை தரும் செய்தியும் ஒன்றுண்டு. பொருளைப் பற்றுதற்கு எக்கையையும் வேறுபாடின்றி நீட்டும் குழந்தைகளும், ஒன்றைச் சுட்டிக் காட்டுங்கால் பெரும்பாலும் வலக்கையையே நீட்டுகின்றனர் எனப் பிரான்சிய ஆய்வாளர் கண்டுள்ளனர். பற்றுதல் கையின் தொழில். சுட்டுதலோ மொழியின் தொடக்கம். ‘அது’, ‘இது’ என நா கூறுமுன் விரல் கூறிவிடுகின்றது. விரலுக்கும் எழுத்துக்கும் ‘சுட்டு’ என ஒரே பெயரிட்ட நம் முன்னோரின் நுண்மை வியக்கத்தக்கதன்றோ?

இவையெல்லாம் அறியாத காலத்தில் யான் செய்த தவறொன்றையும் கூறுதல் கடன். ஆசிரியத் தொழிலின் தொடக்கத்தில், அரிவரி வகுப்பிலே சிறுவனொருவன் இடக்கையால் எழுதினான். கையை மாற்றுமாறு பலகாற் பணித்தேன். அடிமட்டத்தால் விரலிலும் தட்டினேன். கதை சொல்லச் சொன்னால் கைகளை ஆட்டி ஆட்டிச் சொல்லி மகிழ்ந்தவன், சின்னாளில் வாய்திறவாதவனானான். அதனை அடக்கமென எண்ணி மெச்சினேன். கை மாற்றுதலால் திக்குவாய் உண்டாகும் என முன்னொருகால் சிலர் கொண்ட கொள்கைக்குப் பின்வந்த ஆராய்ச்சிகள் போதிய ஆதாரம் தரவில்லை. அவன் நாவை அடக்கியது மூளையன்று. என்பால் அவன் கொண்ட அச்சமே. அச்சம் புகுந்த வகுப்பிலே மொழி வளராது.

மக்களுட் பத்தில் ஒருவர் இடக்கையர். நாற்பது மாணாக்கர் உள்ள வகுப்பில் நால்வர் இருத்தல் கூடும். அவர்களை வாங்கின் இடக்கோடியில் இருத்தினால் முழங்கைகள் மோதா. கொப்பியைச் சற்றே வலப்புறமாகச் சரித்து வைத்து, பென்சிலை நுனியினின்றும் சிறிது மேலே பிடிக்கப் பழக்கினால், எழுதிய எழுத்தைக் கை மறைக்காது. ஆசிரியர் செய்யவேண்டுவது இவ்வளவே. பேச்சுப் பிந்துதல் வேறு காரியம். இரண்டு வயதாகியும் இரு சொற்களை இணைத்துப் பேசாத குழந்தையின் செவிப்புலனை வைத்தியரிடம் காட்டிச் சோதித்தல் வேண்டும். கையைக் குறைகூறிக் காலங் கழித்தால் உண்மைக் காரணம் மறைந்துவிடும்.

அன்று அம்மம்மாவிடம் இவற்றைச் சுருங்கக் கூறினேன். பின்னர்ச் சிறுவனின் இடக்கை விரலைப் பற்றினேன். அகரம் அரிசியிற் செவ்வனே அமைந்தது.

கூத்தப்பிரான் தூக்கிய திருவடி இடத்திருவடியே. ஊன்றிய கால் நோகுமே எனப் பாண்டியன் வருந்தியபோது, மதுரை வெள்ளியம்பலத்திலே அவர் கால்மாறி ஆடினார் என்பது திருவிளையாடல். அங்கு அடியவன் நோவுக்கு இரங்கி ஆண்டவன் கால்மாறினான். குழந்தையின் நோவை நோக்காது அதன் கையை மாற்ற முனையும் நாம் எவ்வருளைக் காட்டுகின்றோம்?