உங்களுக்குத் தெரியுமா? தென்னம்பாளையில் பிறக்கும் காக்டெயில்

வெள்ளவத்தையில் ரயிலேறித் தெற்கே போனால், வாதுவை, களுத்துறைப் பக்கத் தோப்புகளில் தென்னைகளை இணைக்கும் கயிறுகளைக் காணலாம். கள் இறக்குவோர் தரைக்கு வராமல் அவற்றின்மீதே நடந்து மரத்துக்கு மரம் போகிறார்கள்.

பாளையைச் சீவியதும் வடியும் இனிப்புச் சாறு, இயற்கையான ஈஸ்ட்டினால் சில மணி நேரத்திலேயே புளித்துக் கள்ளாகிறது. அதைக் காய்ச்சி வடித்து, ஹல்மில்ல மரப் பீப்பாய்களில் முதிரவிட்டால் தரமான தென்னஞ்சாராயம். போத்தலின் லேபிளைப் படித்து வாங்குவது நல்லது. சில வகைகளில் வேறு மதுசாரமும் கலந்திருக்கும்.

இத்தகைய சாராயத்தைக் கலந்து குடிப்பது புதிதல்ல: 18ஆம் நூற்றாண்டு இலண்டனில் பஞ்ச் என்ற கலவைப் பானத்துக்காக, கோவாவின் கள் சாராயத்தைத் தேடி வாங்கினார்கள்.

வீட்டில் காக்டெயில் கலக்க: ஐஸ் நிரம்பிய உயரமான கிளாஸில் 50 மி.லீ. சாராயம், அரைத் தேசிக்காயின் சாறு, 150 மி.லீ. ஜிஞ்சர் பியர். மெதுவாக ஒருமுறை கிளறினால் போதும், நுரை அடங்காது.

இலங்கையில் மதுபானம் வாங்க 21 வயது நிரம்பியிருக்க வேண்டும்.