குடும்பம் கூடும் நாளில் ஆடத்தக்க விளையாட்டுகள்

பொங்கலுக்கும், காதணி விழாவிற்கும், குலதெய்வ வழிபாட்டிற்கும் வெளியூர் சென்றவர்கள் ஊர் திரும்புகின்றனர். திருப்பூரிலும் சென்னையிலும் வேலை பார்ப்போர் தம் மக்களோடு வந்து இரண்டு மூன்று நாள் தங்குகின்றனர். ஆயினும் ஒரே பாட்டனின் பேரப்பிள்ளைகள் ஒருவர் பெயரை ஒருவர் அறியாமல், ஆளுக்கொரு மூலையில் கைப்பேசியைப் பார்த்திருந்துவிட்டுத் திரும்பிச் செல்வதை நாம் காண்கிறோம். எல்லா வயதினரும் சேர்ந்து ஆடத்தக்க சில விளையாட்டுகளையும், அவற்றிற்குப் பஞ்சாயத்தார் செய்து தர வேண்டுவனவற்றையும் இங்கே கூறுவோம்.

முதலாவது கிளித்தட்டு. இதற்குப் பொருட்செலவே இல்லை. அறுவடை முடிந்து காய்ந்த வயலோ நெற்களமோ போதும். சாம்பலால் ஒரு நீள்சதுரம் இட்டு, நடுவே நெடுக ஒரு கோடும், அதனைக் குறுக்கே வெட்டும் கோடுகள் நான்கைந்தும் போட வேண்டும். ஒரு கட்சியார் குறுக்குக் கோட்டிற்கு ஒருவராக நின்று காப்பர். அவர்களுள் 'கிளி' எனப்படுபவர் நடுக்கோட்டிலும் ஓடி மறிக்கும் உரிமை உடையவர். மற்றக் கட்சியார் தொடப்படாமல் எல்லாக் கோடுகளையும் கடந்து மறுகோடி சென்று, புறப்பட்ட இடத்திற்கே மீள வேண்டும். ஊருக்கு ஊர் சிறு விதிகள் வேறுபடும். ஆட்டம் தொடங்குமுன் பேசி முடித்துக்கொள்வது நலம். ஓட இயலாத நடுவயதினர் கோட்டில் நின்று காக்கலாம், சிறுவர் ஓடலாம். ஓட்டப் பந்தயத்தில் ஒருவன் பரிசு பெறுவான், ஏனையோர் வேடிக்கை பார்ப்பர். ஆதலின் அதனினும் இதனையே நாம் மேலாகக் கருதுகிறோம். இதனையொத்த ஆட்டத்தை மகாராட்டிரத்தார் ஆட்யா பாட்யா என்பர்.

கட்சி பிரிக்கும் முறையே ஆட்டத்தின் உயிர்நாடி. ஒரு வீட்டாருக்கு எதிராக மற்றொரு வீட்டார் என்றோ, பங்காளிகளுக்கு எதிராக மாமன் மச்சான் என்றோ பிரித்தல் தகாது. அவ்வாறு பிரித்தால் பத்து ஆண்டுக்கு முந்தைய வரப்புத் தகராறும் களத்தில் வந்து நிற்கும். சீட்டுக் குலுக்கி, எல்லா வீட்டாரும் இரு கட்சியிலும் கலந்து நிற்குமாறு செய்ய வேண்டும்.

கயிறு இழுத்தல் 1900 முதல் 1920 வரை ஒலிம்பிக் பந்தயங்களிலும் இடம்பெற்றிருந்தது. இதில் கவனம் மிக வேண்டும். கயிற்றைக் கையிலோ இடுப்பிலோ சுற்றிக்கொள்ள ஒருவரையும் விடலாகாது. சட்டென இழுபடுங்கால் விரல் நசுங்கும். மெல்லிய நைலான் கயிறு அறுந்தால் சாட்டைபோல் திரும்பி அடிக்கும். பழுதற்ற தடித்த வடக்கயிறே ஏற்றது. கிட்டிப்புள் நல்ல ஆட்டமே எனினும், புள் கண்ணில் படக்கூடுமாதலால் கூட்டத்தினிடையே வேண்டாம்.

முதியோர்க்கு ஆடுபுலி ஆட்டம் உண்டு. திண்ணையில் சுண்ணாம்புக் கட்டியால் கட்டம் வரைந்தால் போதும். புலி மூன்று, ஆடு பதினைந்து. ஆடுகளை முறைக்கு ஒன்றாகக் கட்டத்தில் வைக்க வேண்டும். யாவும் வைத்து முடியும்வரை அவற்றை நகர்த்தலாகாது. புலியோ தொடக்கத்திலிருந்தே நகரலாம். அடுத்துள்ள ஆட்டை நேர்க்கோட்டில் தாண்டி, அப்பால் இடம் காலியாக இருப்பின் வெட்டலாம். புலிகள் அசைய வழியின்றி அடைத்துவிட்டால் ஆட்டுக்கு வெற்றி. ஆடுவோர் இருவரே, ஆனால் சுற்றி நின்று யோசனை கூறுவோர் இருபது பேர்! தாத்தாவிடம் பேரன் ஒருமுறை தோற்றால், மறுநாள் காலையிலேயே திண்ணைக்கு வந்துவிடுவான்.

பெண்கள் சமையலறையிலேயே இருக்க, ஆண்கள் மட்டும் ஆடுவது குடும்பக் கூட்டம் ஆகாது. சமையல் வேலையை முற்பகலிலேயே அனைவரும் பங்கிட்டு முடித்து, பிற்பகல் நான்கு மணிக்கு ஆட்டத்தைத் தொடங்கலாம். பல்லாங்குழி மட்டுமே பெண்களுக்கு உரியது என்று ஒதுக்கவும் வேண்டாம். நம் சடுகுடு 1990இல் பெய்சிங் ஆசியப் போட்டிகளில் ஆடவர்க்கும், 2010இல் குவாங்சௌவில் மகளிர்க்கும் பதக்கப் போட்டியாயிற்று அன்றோ?

இனி இடம். பல ஊர்களில் மந்தைவெளி குப்பைமேடாகவும், வைக்கோற்போர் போடும் இடமாகவும் சுருங்கிவிட்டது. பிள்ளைகள் பேருந்து ஓடும் சாலையில் ஆடுகின்றனர். அக்டோபர் 2 கிராம சபைக் கூட்டத்திலேயே இதனை எடுத்துப் பேசி, நிலத்தை அளந்து எல்லைக்கல் நட்டுவிட்டால், பொங்கலுக்குள் முள்ளையும் கண்ணாடித் துண்டுகளையும் அகற்றி மண் நிரவ மூன்று மாத காலம் கிடைக்கும். சனவரி 26 கூட்டம்வரை காத்திருந்தால் அவ்வாண்டுப் பொங்கல் கடந்துவிடும். எல்லாத் தெருவினரும் தடையின்றி வந்து ஆடும் இடமாக அது அமைய வேண்டும் என்பதையும் தீர்மானத்தில் எழுதிவிடுக. குடிநீர்க் குழாய் ஒன்றும், ஓரத்தில் நான்கு வேப்பங்கன்றுகளும் அமைந்தால் போதுமானது.