சீப்பில் எண்ணினால் தெரியாது

சீப்பில் வந்த முடியை எண்ணிப் பயந்த காலம் எனக்கும் உண்டு. ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி எல்லாருக்கும்தான் கொட்டும். அதே இடத்தில் அடுத்து முளைப்பது எவ்வளவு தடிமனாக இருக்கிறது என்றுதான் பார்க்கணும்.

தலைமுடி சுமார் 2 முதல் 6 வருஷம் வளரும். அப்புறம் சில மாதம் ஓய்வு, பிறகு உதிர்ந்து அதே வேர்ப்பையிலிருந்து மறுபடி முளைக்கும். ஆண் வழுக்கையில் டெஸ்டோஸ்டிரோனிலிருந்து உருவாகும் டி.எச்.டி. என்ற ஹார்மோன், இந்த வளர்ச்சிக் காலத்தைச் சுற்றுக்குச் சுற்று குறைக்கிறது. வேர்ப்பையும் சுருங்குகிறது. கடைசியில் பூனைமுடிதான் மிச்சம்.

பிடரி முடியை இந்த ஹார்மோன் பெரிதாகப் பாதிப்பதில்லை. அதை எடுத்து முன்மண்டையில் நட்டாலும் பழைய குணத்தோடே வளர்கிறது என்று நார்மன் ஒரென்ட்ரைக் 1959-ல் எழுதினார். அதாவது கோளாறு வேர்ப்பைக்குள்ளேயே இருக்கிறது. (இதைப் படித்த பிறகும் வீட்டில் எண்ணெய் பாட்டில் விஷயத்தில் நான் வாயைத் திறப்பதில்லை.)

ஃபினாஸ்டரைடு டி.எச்.டி. உற்பத்தியைக் குறைக்கும், மினாக்சிடில் வளர்ச்சிக் காலத்தை நீட்டும். மெலிந்த முடி தடிக்கலாம். வழவழவென்று ஆன இடத்தில் அதிகம் எதிர்பார்க்க முடியாது. நிறுத்தினால் சில மாதங்களில் பலன் போய்விடும். மினாக்சிடில் போட்ட முதல் சில வாரம் முடி கூடுதலாகவே கொட்டலாம். ஓய்விலிருந்த முடியைப் புது முடி வெளியே தள்ளுவதால் வருவது அது. நான் அங்கேதான் சீப்பைப் பார்த்துப் பயந்து நிறுத்தினேன்.