டாலர் தீர்ந்தா பெட்ரோலும் தீரும்: இலங்கை 2022

எண்ணெயால் திவாலான நாடுன்னா எல்லோரும் வெனிசுவேலாவைத்தான் சொல்வாங்க. ஏற்றுமதி வருமானத்தில் 90 சதவீதத்துக்கு மேல் எண்ணெய். 2002-03 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு அரசு எண்ணெய் நிறுவனத்தில் சுமார் 18,000 பேரை வெளியே அனுப்பினார்கள். 2014-ல் விலை சரிந்தபோது தாக்குப்பிடிக்கச் சேமிப்பும் இல்லை. ஆனா எண்ணெயே இல்லாத நாடும் இதே குழியில் விழும். உதாரணம் ராமேஸ்வரத்துக்கு எதிர்க்கரையிலேயே இருக்கு.

இலங்கையில் எண்ணெய் உற்பத்தி கிடையாது. பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் எல்லாத்துக்கும் டாலர் கொடுக்கணும். அந்த டாலர் தேயிலை, ஆயத்த ஆடை, சுற்றுலா, வெளிநாட்டில் வேலை செய்கிறவர்கள் அனுப்பும் பணம் ஆகியவற்றில் இருந்து வரும். பற்றாததுக்குக் கடன். 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்பும் அடுத்த வருஷம் கொரோனாவும் சுற்றுலாவைப் படுக்க வைத்தன. இதுவரைக்கும் கெட்ட நேரம்னு சொல்லலாம். மீதி எல்லாம் எடுத்த முடிவுகள்.

2019 டிசம்பரில் வாட் வரியை 15 சதவீதத்தில் இருந்து 8 சதவீதமாகக் குறைத்தார்கள். 2020-ல் மொத்த வரி வருமானம் நாட்டின் உற்பத்தியில் சுமார் 8 சதவீதத்துக்கு இறங்கியது. தர மதிப்பீடு விழுந்தது, வெளிநாட்டுக் கடன் சந்தை கதவைச் சாத்தியது. பள்ளத்தை மூட மத்திய வங்கி ரூபாயை அச்சடித்தது. ரூபாயை அச்சடிக்கலாம், டாலரை அச்சடிக்க முடியாதே!

2021-ல் ரசாயன உரத்துக்கு ஒரே அடியாகத் தடை. நம்ம பக்கம் வயலில் இறங்கின யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க, மண்ணை ஒரே போகத்தில் மாத்த முடியாதுன்னு. நெல்லும் தேயிலையும் அடி வாங்கின. நவம்பரில் தடையை எடுத்தார்கள், ஆனா அதற்குள் அரிசியையும் இறக்குமதி செய்ய வேண்டிய நிலை.

இன்னொரு முடிவு டாலர் விலையை 200 ரூபாய்க்கு அருகில் பிடித்து வைத்தது. வெளியே அதிகம் கிடைத்ததால், வெளிநாட்டில் இருப்பவர்கள் வங்கியை விட்டு உண்டியல் வழியாகப் பணம் அனுப்பினார்கள். வரவேண்டிய டாலர் வங்கிக்கே வரலை. 2021 நவம்பரில் கச்சா எண்ணெய் வாங்க டாலர் இல்லாமல் சபுகஸ்கந்த சுத்திகரிப்பு ஆலையை மூடினார்கள். இவ்வளவு தெளிவான எச்சரிக்கைக்குப் பிறகும், 2022 ஜனவரியில் இருந்த கையிருப்பில் 50 கோடி டாலரை எடுத்து ஒரு பழைய கடன் பத்திரத்தை அடைத்தார்கள்.

பிப்ரவரியில் உக்ரைன் போர். கச்சா எண்ணெய் 100 டாலரைத் தாண்டியது. இதுக்கு மேல் ஒரு சுழல்: டாலர் இல்லைன்னா டீசல் இல்லை. டீசல் இல்லைன்னா மின்சாரம் இல்லை, லாரி இல்லை, படகு இல்லை. தொழில் நின்றால் ஏற்றுமதி குறையும், டாலர் இன்னும் குறையும். எங்க துறையில் இதை முடிவில்லாத லூப் என்போம். வெளியே இருந்து யாராவது நிறுத்தினால்தான் நிற்கும்.

மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேர மின்வெட்டு. மன்னார் பக்கம் இருந்து குடும்பங்கள் குழந்தைகளோடு தனுஷ்கோடி வந்து இறங்கின. போருக்குத் தப்பி வந்த அதே கடல், இந்தத் தடவை பசிக்கு. ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைத் தற்காலிகமாகக் கட்ட முடியாதுன்னு அரசே அறிவித்தது. ஜூலையில் ஜனாதிபதி நாட்டை விட்டே போனார். செப்டம்பரில் விலைவாசி உயர்வு 70 சதவீதத்தைத் தொட்டது.

நாமும் இதுக்குப் பக்கத்தில் போய் வந்தவங்கதான். 1991-ல் வளைகுடாப் போரால் எண்ணெய் விலை ஏற, சில வார இறக்குமதிக்கு மட்டுமே டாலர் இருந்தது. சுமார் 47 டன் தங்கத்தை வெளிநாட்டு மத்திய வங்கிகளில் அடமானம் வைத்தோம். தலைகுனிவுதான், ஆனா தவணை தவறலை. உடனே கொள்கையையும் மாற்றினோம்.

இன்றைக்கும் நமக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் வெளியில் இருந்துதான் வருது. அதனால பேப்பரில் பெட்ரோல் விலையோடு இன்னும் இரண்டு எண்களையும் பாருங்க: அந்நியச் செலாவணிக் கையிருப்பு, அரசின் வரி வருமானம். தேர்தல் நேரத்தில் வரிக்குறைப்பு அறிவிப்பு வந்தா, அந்தப் பள்ளத்தை எதைக் கொண்டு மூடுவீங்கன்னு கேளுங்க. இலங்கையில் 2019-ல் அதைக் கேட்டவங்க ரொம்பக் கம்மி.