காளான் கொட்டகையிலிருந்து விமானம் வரை

2020ஆம் ஆண்டு மே மாதம் 28ஆம் தேதி காலை டில்லியிலிருந்து பாட்னா புறப்பட்ட விமானத்தில் பத்துக் கூலித் தொழிலாளர்கள் இருந்தார்கள். அதுவரை விமானத்தை வயல் வரப்பில் நின்று அண்ணாந்து பார்த்ததோடு சரி. காளான் கொட்டகையில் வைக்கோல் புரட்டிப் பிழைக்கும் அவர்களுக்கு விமான டிக்கெட் வாங்கிக் கொடுத்தது சர்க்காரும் அல்ல, எந்தச் சங்கமும் அல்ல. அவர்களுக்கு வேலை கொடுத்து வந்த விவசாயி.

டில்லி என்றதும் செங்கோட்டையும் செக்ரடேரியட்டும்தான் நம் கண்முன் வரும். கரோல்பாகிலும் ராமகிருஷ்ணபுரத்திலும் ஆயுள் முழுதும் கழித்த தமிழர்களில் பலர் டில்லிக்கும் கிராமங்கள் உண்டு என்பதை அறியமாட்டார்கள். வடக்கே அலிப்பூரைத் தாண்டி, பக்தாவர்பூர் பக்கம் போனால் கோதுமையும் காய்கறியும் விளையும் யமுனைக்கரைப் பூமி. அங்குள்ள கிராமங்களில் ஒன்றுதான் திகிப்பூர். பப்பன் சிங் கெலோட் என்ற காளான் விவசாயியின் ஊர் அது.

ரயில் நின்ற நாட்கள்

2020 மார்ச் 22ஆம் தேதி நள்ளிரவோடு நாடெங்கும் பயணிகள் ரயில்கள் நின்றன. 1853இல் முதல் ரயில் ஓடிய நாளிலிருந்து அப்படி ஒருமுறை நின்றதில்லை. அரிசியும் கோதுமையும் நிலக்கரியும் ஏற்றிய கூட்ஸ் வண்டிகள் மட்டும் ஓடின. 25ஆம் தேதி முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. மூன்றே நாளில், 28ஆம் தேதி, ஆனந்த்விஹார் பஸ் நிலையத்தில் மூட்டை முடிச்சுகளோடு ஆயிரக்கணக்கான ஜனங்கள் கூடினார்கள். பஸ் கிடைக்காதவர்கள் நடந்தார்கள். உத்தரப் பிரதேசத்துக்கும் பீகாருக்கும் நடை.

நடந்தவர்கள் எல்லோரும் வீடு போய்ச் சேரவில்லை. மே 8ஆம் தேதி அதிகாலையில் மகாராஷ்டிரத்தில் அவுரங்காபாத் அருகே தண்டவாளத்தில் களைத்துப் படுத்துவிட்ட 16 தொழிலாளர்கள் கூட்ஸ் வண்டியில் அடிபட்டு மாண்டார்கள்.

திகிப்பூர்க் கொட்டகையில் இருந்த பத்துப் பேரும் பீகாரில் சமஸ்திபூர் மாவட்டத்தவர்கள். டில்லிக்கும் அவர்கள் ஊருக்கும் இடையே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். காளான் குளிர்காலப் பயிர். ஆகஸ்டில் கோதுமை வைக்கோலைக் குவித்து, நனைத்து, கோழி எரு சேர்த்து, பல தடவை புரட்டிப் போட்டு மக்க வைப்பார்கள். பனிக்காலம் முழுதும் பறிப்பு. வெயில் ஏறியதும் வேலை முடிந்துவிடும். சாதாரணமாக அந்தச் சமயத்தில் கணக்குத் தீர்த்துக்கொண்டு ஊருக்கு ரயில் ஏறுவது வழக்கம். அந்த வருஷம் ஏற ரயில் இல்லை. வேலையும் இல்லை.

வேலை இல்லாத ஆளுக்குச் சோறு போடுவது எந்த முதலாளிக்கும் சட்டப்படி கடமை அல்ல. தலைநகரில் அநேக இடங்களில் ஊரடங்கு தொடங்கிய வாரமே கதவு சாத்தப்பட்டது. திகிப்பூரில் சாத்தப்படவில்லை. இரண்டு மாதம் பத்துப் பேருக்கும் இருக்க இடமும் சாப்பாடும் கிடைத்தன. நடந்து போகவும் பப்பன் சிங் விடவில்லை.

மே 1ஆம் தேதி முதல் தொழிலாளர்களுக்கென்று 'ஷ்ராமிக்' சிறப்பு ரயில்கள் விடப்பட்டன. மே 12 முதல் டில்லியிலிருந்து சென்னை உட்படப் பதினைந்து நகரங்களுக்கு ராஜதானி கட்டணத்தில் வண்டிகள் ஓடின. ஷ்ராமிக் ரயிலில் இடம் கிடைக்க விண்ணப்பம் போட வேண்டும், பட்டியலில் பெயர் வரவேண்டும். திகிப்பூர் ஆட்களுக்கும் முயன்று பார்த்தார்கள். இடம் கிடைக்கவில்லை.

மே 25இல் உள்நாட்டு விமானங்கள் மறுபடி பறக்கத் தொடங்கின. பப்பன் சிங் பத்து டிக்கெட்டுகளுக்கு 68,000 ரூபாய் கட்டினார். ஆளுக்கு 6,800 ரூபாய். கையில் ஆளுக்கு 3,000 ரூபாயும் கொடுத்து அனுப்பினார். பெரிய பண்ணையார் செய்த தர்மம் அல்ல இது. காளான் விற்ற காசு.

சுயநலமா?

'அடுத்த பருவத்துக்கு ஆள் வேண்டுமே, அதற்காகச் செய்திருப்பார்' என்று சொல்பவர்கள் உண்டு. இருக்கட்டும். அதே ஆகஸ்டில் வேலை தொடங்கும் காலம் வந்ததும் அவர் மறுபடி விமான டிக்கெட் அனுப்பியதும், இம்முறை சுமார் இருபது பேர் பறந்து வந்ததும் உண்மைதான். ஆனால் ஆள் தேவை எல்லா முதலாளிக்கும் இருந்தது. தேவைப்பட்டபோது மட்டும் ஆளை நினைத்தவர்கள் பலர். தேவை இல்லாத இரண்டு மாதமும் உலை வைத்தவர்கள் சிலர். வித்தியாசம் அதில்தான் இருக்கிறது.

நம் தமிழ்நாட்டுக் கிராமங்களுக்கு இது புதிதல்ல. அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகியிருந்தால் அந்நியர் உள்ளே போகமாட்டார்கள். ஆனால் அந்த வீட்டுத் திண்ணையில் பக்கத்து வீட்டுக்காரி கஞ்சிக் கலயத்தை வைத்துவிட்டு, குரல் கொடுத்துவிட்டுப் போவாள். தள்ளி நிற்பதும் தாங்கி நிற்பதும் ஒன்றுக்கொன்று விரோதம் அல்ல என்று பாட்டிமார்களுக்குத் தெரிந்திருந்தது. 2020இல் கோவைக்கு அருகே வடிவேலம்பாளையம் என்ற கிராமத்தில், எண்பது வயதைக் கடந்த கமலாத்தாள் பாட்டி ஒரு ரூபாய்க்கு இட்லி விற்று வந்தார். ஊரடங்கில் உளுந்தும் பருப்பும் விலை ஏறியபோதும் இட்லி விலையை அவர் ஏற்றவில்லை.

ஒருவர் மனசும் ஊர் ஏற்பாடும்

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. பப்பன் சிங்கிடம் வேலை பார்க்காத ஆளின் கதி என்ன?

கேரளத்தில் இதற்கு வேறு விதமாகப் பதில் சொன்னார்கள். ஊரடங்கு தொடங்கியதும் பஞ்சாயத்துகள் சமூகச் சமையற்கூடங்களைத் திறந்தன. 1998இல் தொடங்கிய குடும்பஸ்ரீ இயக்கத்துப் பெண்கள் சமைத்தார்கள். தனியாக இருக்கும் கிழவர் யார், படுக்கையில் கிடப்பவர் யார், வேற்று மாநிலக் கூலிகள் எந்த லைன் வீட்டில் இருக்கிறார்கள் என்பது வார்டு உறுப்பினருக்குத் தெரியும். பொட்டலம் வீடு தேடிப் போயிற்று.

டில்லிக் கிராமங்களில் ஊராட்சி மன்றம் கிடையாது. ஊர்ப் பெரியவர்கள் கூடும் சௌபால் உண்டு, ஹூக்கா உண்டு, அதிகாரமும் நிதியும் இல்லை. தலைநகர் தந்தது குருத்வாராக்களின் லங்கர் சாப்பாடும் பள்ளிக்கூடங்களில் சர்க்கார் போட்ட சாப்பாடும். அவை லட்சக்கணக்கானவர்களின் பசியைத் தீர்த்தன. ஆனால் அவை இருக்கும் இடத்துக்கு நாம் போகவேண்டும், வரிசையில் நிற்கவேண்டும். மூலையில் முடங்கிக் கிடப்பவரைத் தேடி வர, அவரைத் தெரிந்த ஒருவர் வேண்டும். ரேஷன் விஷயமும் அப்படியே. ஏப்ரலிலிருந்து தலைக்கு ஐந்து கிலோ தானியம் இலவசம் என்று மத்திய சர்க்கார் அறிவித்தது. கார்டு சமஸ்திபூரில் இருக்க, வயிறு டில்லியில் இருந்தவருக்கு அதனால் என்ன பயன்? கார்டு இல்லாதவர்களுக்கு டில்லி சர்க்கார் கூப்பன் கொடுத்தது. எந்த ஊர்க் கார்டுக்கும் எந்த ஊரிலும் தானியம் என்ற ஏற்பாடு டில்லிக்கு வந்து சேர்ந்தது 2021 ஜூலையில். அதற்குள் இரண்டு அலை வந்து போய்விட்டது.

இது தமிழர்களுக்குச் சம்பந்தமில்லாத பீகார்க் கதை என்று தள்ளிவிட முடியாது. ஜிடி எக்ஸ்பிரஸில் வந்து இறங்கி, யாரோ ஒரு சொந்தக்காரர் வீட்டுத் தாழ்வாரத்தில் படுத்து உத்தியோகம் தேடியவர்களின் பிள்ளைகள்தாம் இன்றைய டில்லித் தமிழர்களில் பலர். பின்னால் வந்த ஏழைத் தமிழர்கள் ஜங்புராவில் பாராபுல்லா நாலாவின் கரையில் குடிசை போட்டு, வீட்டு வேலை செய்து பிழைத்தார்கள். மதராஸி கேம்ப் என்ற அந்தக் குடியிருப்பு 2025 ஜூன் 1ஆம் தேதி கோர்ட் உத்தரவின்பேரில் இடிக்கப்பட்டது. பட்டியலில் பெயர் வந்தவர்களுக்கு நரேலாவில் மாற்று வீடு; வராதவர்களுக்கு இல்லை. இங்கும் எல்லாம் பட்டியலைப் பொறுத்ததாயிற்று.

நரேலா எங்கே இருக்கிறது? திகிப்பூர் இருக்கும் அதே வடக்கு மூலையில். வேலை செய்த வீடுகள் ஜங்புராப் பக்கம், தூங்கும் வீடு நகரத்தின் மறுகோடியில் என்று ஆகிவிட்ட நம்மவர்களுக்கு இனி அக்கம்பக்கம் என்பது அந்தக் கிராமங்கள்தாம்.

பப்பன் சிங் 2022 ஆகஸ்டில் காலமானார். ஒரு மனிதர் போனால் அவருடைய நல்ல மனசும் கூடவே போய்விடுகிறது. பஞ்சாயத்துப் போட்ட ஏற்பாடு அப்படிப் போவதில்லை. கொள்ளை நோய் மறுபடி வராது என்று எந்த டாக்டரும் எழுதிக் கொடுக்கவில்லை. அதற்குள் ஒவ்வொரு தெருவிலும், ஒவ்வொரு தமிழ்ச் சங்கத்திலும் ஒரு நோட்டுப் புத்தகமாவது இருக்கவேண்டும். தனியாக இருப்பவர் யார், மருந்து வேண்டியவர் யார், கார்டு இல்லாதவர் யார் என்று அதில் எழுதி வைக்கலாம். பேனா பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு டில்லித் தமிழர்களிடையே பஞ்சமே இல்லை.