கறிக்கோழியின் தசை வளர்ச்சியும் இரவின் இருளும்

தாம்பரம், சேலையூர் சாலையோரங்களில் நிற்கும் தூங்குமூஞ்சி மரம் அந்தி வேளையில் இலைகளைக் கூப்பிக்கொள்வதை யாவரும் கண்டிருப்பர். வெளிச்சம் மங்குவதே அதற்குக் காரணமென்று எண்ணுதல் இயல்பு. ஆயின், 1729-ஆம் ஆண்டில் மேரான் என்னும் பிரெஞ்சு அறிஞர், தொட்டாற்சுருங்கியைப் போன்ற ஒரு செடியை இருட்டில் வைத்துச் சோதித்தார். வெளிச்சமே படாதிருந்தும் அது பகலில் இலை விரித்து இரவில் கூப்பியது. செடிக்குள்ளேயே ஒரு கடிகாரம் உண்டென்று பிற்காலத்தார் துணிந்தனர். நம் நாட்டில் இத்துறையை ஊன்றிய பேராசிரியர் எம். கே. சந்திரசேகரன் மதுரைப் பல்கலைக்கழகத்திலிருந்து வௌவால்களிடத்தும் மனிதரிடத்தும் இதனை ஆராய்ந்தவர். கடிகாரத்தின் உட்பொறியை ஈயினிடத்துக் கண்ட அமெரிக்கர் மூவருக்கு 2017-இல் நோபல் பரிசு அளிக்கப்பட்டது.

இச்செய்தி கோழிக் கொட்டகைக்கு எவ்வாறு பயன்படுமென்று கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முடிச்சூர், வண்டலூர், கூடுவாஞ்சேரிப் பக்கங்களில் வயல்கள் மனைகளாகிவிட்டபோதிலும், சிறு கொட்டகைகளில் கறிக்கோழி வளர்ப்போர் இன்னும் உளர். இவர்களிற் சிலரிடம் ஓர் எண்ணம் ஊறியிருக்கிறது. விளக்கு எரிந்தால் கோழி தின்னும். தின்றால் சதை போடும். ஆகவே விடியுமளவும் விளக்கு எரியவேண்டும் என்பர். முதலாவது மெய். இரண்டாவது பாதி மெய். முடிபு பிழை. ஐந்தாம் வாரத்தில் பருத்த கோழி காலூன்ற மாட்டாமல் உட்கார்ந்துவிடும்போதும், நன்றாயிருந்த கோழி திடீரென மல்லாந்து மாளும்போதும் தீனியையும் குஞ்சு விற்றவரையும் பழிப்பவர், எரியும் விளக்கை ஐயுறுவதில்லை.

சதை எவ்வாறு உண்டாகிறதென்று முதலில் பார்ப்போம். கோழியின் தசையிழைகளின் எண்ணிக்கை முட்டையினின்று குஞ்சு வெளிவருமுன்னரே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. பின்னர் இழைகள் பருக்கின்றனவேயன்றி, எண்ணிக்கையில் மிகுவதில்லை. அப்பருமனுக்கு உதவுவன இழைகளை ஒட்டிக் கிடக்கும் துணையணுக்களாம். இவை பெருகி இழையோடு கலந்து, அதற்குப் புதிய உட்கருக்களை அளிக்கின்றன. குஞ்சு பொரிந்த முதல் சில நாட்களிலேயே இவற்றின் பெருக்கம் மிக விரைவாக நிகழும். அந்நாட்களில் பட்டினி கிடந்த குஞ்சு, பின்னர் எவ்வளவு தின்றாலும் மார்புச் சதையில் பின்தங்கும். தொலைவிலிருந்து வரும் குஞ்சுக்கு வந்தவுடன் நீரும் தீனியும் வைக்கவேண்டுமென்று சொல்வதன் காரணம் இதுவே.

இனிக் கடிகாரத்துக்கு வருவோம். மூளையிற் போலவே ஒவ்வொரு தசையணுவிலும் கடிகாரம் உண்டு. தசையணுவைத் தசையணுவாக நிலைநிறுத்தும் மையோ-டி என்னும் மரபணு அக்கடிகாரத்தின் ஆளுகைக்கு உட்பட்டதென 2010-இல் அமெரிக்க ஆய்வாளர் சுண்டெலியில் கண்டனர். கடிகாரம் பழுதுற்ற எலிகளின் தசை வலிகுன்றி, இழைகளின் ஒழுங்கும் குலைந்திருந்தது. எலி வேறு, கோழி வேறு என்பது மெய்யே. ஆயினும் பறவையிடத்து ஒளியின் ஆட்சி இன்னும் நேரானது. கோழியின் மூளையிலுள்ள கூம்புச் சுரப்பி, மண்டையோட்டை ஊடுருவும் ஒளியைத் தானே உணரவல்லது. இருளில் அது மெலட்டோனின் என்னும் நீரைச் சுரந்து, உடலிலுள்ள பிற கடிகாரங்களுக்கு இரவு வந்ததென அறிவிக்கிறது. விளக்கு அணையாத கொட்டகையில் அவ்வறிவிப்பு மங்கிவிடுகிறது.

இருள் கொடுத்து வளர்த்த கோழி முதல் இரண்டு மூன்று வாரங்களில் எடையில் சற்றுப் பின்தங்கும். வளர்ப்பவர் மனம் தளர்வது இக்காலத்தில்தான். பிற்பாடு அக்குறையைப் பெரும்பாலும் ஈடுசெய்துகொள்ளும். எலும்புக்கு முதிரக் காலம் கிடைப்பதால் கால் நொடிதலும் திடீர்ச் சாவும் குறையும். ஐரோப்பிய நாடுகளின் 2007-ஆம் ஆண்டு விதி, நாளொன்றுக்கு ஆறு மணி நேரமேனும் இருள் வேண்டுமென்றும், அதில் நான்கு மணி நேரம் இடையறாதிருக்க வேண்டுமென்றும் கூறுகிறது. குஞ்சு வந்த முதல் வாரத்துக்கும் விற்பனைக்கு முந்திய மூன்று நாட்களுக்கும் அதில் விலக்குண்டு.

நம் பக்கத்துக்கு இரவு பத்து மணி முதல் நான்கு மணி வரை இருள் விடுதல் ஏற்றது. சித்திரை, வைகாசி வெயிலில் கோழி பகலில் தீனியை வெறுக்கும். நான்கு மணிக்கு விளக்கேற்றினால் விடியற்காலைக் குளிர்ச்சியில் வயிறார உண்ணும். நேரத்தை நாளுக்கு நாள் மாற்றலாகாது. முதல் வாரத்தில் நாளும் ஒரு மணி நேரம் விளக்கை அணைத்துப் பழக்குக. இன்றேல் மின்சாரம் நின்ற இரவில் குஞ்சுகள் மிரண்டு ஒன்றன்மேல் ஒன்று குவிந்து மூச்சுத் திணறி மாளும். பெருஞ்சாலையை அடுத்த கொட்டகைகளில் தெருவிளக்கின் ஒளி உள்ளே விழும். அப்பக்கத்தில் சாக்குத் திரை இடுக. காற்றை மட்டும் அடைத்துவிட வேண்டாம்.

முட்டைக் கோழிக்கு இக்கணக்குப் பொருந்தாது. முட்டையிடும் பருவத்தில் அதற்குப் பதினாறு மணி நேர ஒளி வேண்டும்.

ஐயமுள்ளவர் அடுத்த கூட்டத்தை இரண்டாகத் தடுத்து, ஒரு பாதிக்கு மட்டும் இருள் கொடுத்துப் பார்க்கலாம். தீனியும் நீரும் ஒன்றாயிருக்கட்டும். ஆறாம் வாரத்தில் எடையோடு, செத்தவற்றையும் நொண்டியவற்றையும், செலவான தீனியையும் மின்சாரக் கட்டணத்தையும் எழுதி ஒப்பிடுக.