பதில் என்னும் சொல்

‘வினாவுக்குப் பதில் எழுதுக’, ‘சர்க்கரைக்குப் பதில் வெல்லம் சேர்க்க’ ஆகிய இரண்டு தொடர்களிலும் ‘பதில்’ என்னும் சொல் வருகிறது. முதல் தொடரில் அது விடையைக் குறிக்கிறது. இரண்டாம் தொடரில், ஒன்றன் இடத்தில் வரும் மற்றொன்றைக் குறிக்கிறது.

இது பிறப்பால் தமிழ்ச்சொல் அன்று. ‘பதல்’ என்னும் அரபுச்சொல், பாரசீகம், உருது ஆகிய மொழிகளின் வழியே தமிழுக்கு வந்து ‘பதில்’ எனத் திரிந்தது. ‘ஈடாகத் தருவது’, ‘மாற்று’ என்பன அதன் பழைய பொருள்கள். கேட்ட வினாவுக்கு ஈடாகத் திருப்பித் தரப்படுவது விடை. ஆதலின் விடை என்னும் பொருளும் இச்சொல்லுக்கு அமைந்தது. தமிழில் இதற்கு விடை, மாற்று, ஈடு முதலிய சொற்கள் உள்ளன.

இந்தி பேசும் ஊர்களில் வாழும் தமிழ்ப் பிள்ளைகள் இச்சொல்லின் உறவுச் சொற்களை நாள்தோறும் கேட்கின்றனர். மாற்றுவதை இந்தியில் ‘பதல்னா’ என்பர். பணியிட மாற்றத்தைப் ‘பத்லீ’ என்பர். தந்தைக்கோ தாய்க்கோ ‘பத்லீ’ வந்தால் வீடு மாறும், பள்ளி மாறும், தோழர்களும் மாறுவர். ‘பதில்’ என்பதும் அவ்வாறு இடம்விட்டு இடம் வந்த சொல்லே. இன்று அதனை அயற்சொல் என எண்ணுவோர் அரியர்.

பயிற்சி: ‘பதில்’ என்பதை நீக்கித் தகுந்த தமிழ்ச்சொல் இட்டு எழுதுக.
1. ஆசிரியர் கேட்டதற்குக் கயல்விழி பதில் கூறினாள்.
2. அண்ணனுக்குப் பதிலாகத் தம்பி வந்தான்.